விவாத இழை: தைவான் நீரிணை, தென்சீனக் கடல், கருங்கடல் – பதற்றத்தை எதை வைத்து அளப்பது?

நெய்தல்:
சீனாவின் ராணுவப் பயிற்சி பற்றிய செய்தி வந்தாலே எல்லோர் கண்ணும் முதலில் போவது எண்ணிக்கைக்குத்தான். 2024 அக்டோபர் 14 அன்று நடந்த ‘கூட்டு வாள் 2024பி’ பயிற்சியில் 153 விமானங்களைக் கண்டதாகத் தைவான் சொன்னது. உடனே ‘தைவான் வான்வெளிக்குள் ஊடுருவல்’ என்று பேச்சு கிளம்பிவிடுகிறது. ஆனால் ஒரு நாட்டின் வான்வெளி என்பது கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கி.மீ. வரைதான். அந்த விமானங்கள் பறந்தது அதற்கு வெளியே, வான் பாதுகாப்பு அடையாள மண்டலத்திலும் அதைச் சுற்றியும். வருகிற விமானம் யாருடையது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வதற்காக ஒரு நாடு தானே வரைந்துகொள்ளும் வேலிதான் அந்த மண்டலம். அதற்கு எந்த ஒப்பந்தமும் அடிப்படை இல்லை. தைவானின் மண்டலத்தை வரைபடத்தில் பாருங்கள், சீனாவின் ஃபுஜியன் மாகாணத்தின் பெரும்பகுதியே அதற்குள் கிடக்கிறது.

அப்படியென்றால் கவலைப்பட ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. அது நீரிணையின் நடுக்கோடு. 1950களில் அமெரிக்க விமானப்படைத் தளபதி பெஞ்சமின் டேவிஸ் வரைந்த கோடு அது. பல பத்தாண்டுகள் இரு தரப்பும் பெரும்பாலும் அதை மதித்தன. 2020 செப்டம்பரில் ‘அப்படி ஒரு கோடே கிடையாது’ என்று பெய்ஜிங் அறிவித்தது. அப்போது அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைத் தலைவராக இருந்த நான்சி பெலோசி தைவான் போன 2022 ஆகஸ்டுக்குப் பிறகு அதைத் தாண்டுவது வழக்கமாகிவிட்டது. நீரிணையின் மிகக் குறுகலான இடம் 130 கி.மீ. அங்கே நடுக்கோட்டிலிருந்து தைவான் கரைக்கு 65 கி.மீ. அதில் 22 போனால் மிச்சம் 43. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் வரும் போர் விமானத்துக்கு அது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. முன்பு கோட்டைத் தாண்டியதுமே எச்சரிக்கை மணி அடிக்கும். இப்போது அடிக்கடி தாண்டுகிறார்கள், அதனால் இது பயிற்சியா தாக்குதலா என்று முடிவெடுக்க அந்த மூன்று நிமிடம்தான் இருக்கிறது. என் கருத்தில் பதற்றத்தை அளக்க வேண்டிய அலகு விமான எண்ணிக்கை அல்ல, எதிராளிக்கு முடிவெடுக்க மிஞ்சும் நேரம். கடல் பக்கம் எப்படி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திசைமானி:
கடலில் கணக்கு நிமிடத்தில் இல்லை, நொடியில்.

2023 ஜூன் 3 அன்று தைவான் நீரிணையில் அமெரிக்காவின் சுங்-ஹூன் நாசகாரிக் கப்பலும் கனடாவின் மான்ட்ரியல் போர்க்கப்பலும் சேர்ந்து போய்க்கொண்டிருந்தன. ஒரு சீன நாசகாரி சுங்-ஹூனை இடப்பக்கமாக முந்திவந்து, அதன் மூக்குக்கு முன்னால் 150 கஜத்தில், அதாவது 137 மீட்டரில், குறுக்கே போனது. அமெரிக்கக் கப்பல் போக்கை மாற்றாமல் வேகத்தை 10 நாட்டாகக் குறைத்தது. 10 நாட் என்றால் நொடிக்கு ஐந்து மீட்டர் சொச்சம். 137 மீட்டரைக் கடக்க 27 நொடி. வேகத்தைக் குறைக்காமல் 20 நாட்டிலேயே போயிருந்தால் 13 நொடிதான். சுங்-ஹூன் ஏறக்குறைய 155 மீட்டர் நீளம். இடைவெளி கப்பலின் சொந்த நீளத்தைவிடக் குறைவு.

‘சுக்கானைத் திருப்பியிருக்கலாமே’ என்று கேட்பவர்களுக்கு: சுக்கானை வலப்பக்கம் திருப்பினால் கப்பல் உடனே வலப்பக்கம் போய்விடாது. முதலில் பின்பகுதி இடப்பக்கம் வீசும். அந்தப் பக்கம் இன்னொரு கப்பல் ஒட்டி வந்தால் நம் பின்பகுதியே போய் அதை இடிக்கும். இரண்டு பெரிய கப்பல்கள் அருகருகே ஓடும்போது நடுவில் ஓடும் நீரின் அழுத்தம் குறைந்து இரண்டையும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கவும் செய்யும். அதனால்தான் நேராகப் போய்க்கொண்டே வேகத்தைக் குறைப்பது பாதுகாப்பான வழி. எதிர்க்கப்பலின் மாலுமிக்கும் நம் அடுத்த நகர்வைக் கணிக்க முடியும்.

கடல்வழி விதிகளின்படி யார் மேல் தவறு என்பதில் குழப்பமே இல்லை. முந்துகிற கப்பல்தான் ஒதுங்க வேண்டும், அது 13ஆம் விதி. ‘வலப்பக்கத்தில் இருப்பவருக்கு வழிவிடு’ என்பது 15ஆம் விதி, அது ஒன்றையொன்று குறுக்கிடும் கப்பல்களுக்கு. முந்திவந்த கப்பல் கடைசியில் குறுக்கே திரும்பிவிட்டு 15ஐக் காட்ட முடியாது. முழுதாக முந்தி விலகும்வரை அது முந்தும் கப்பல்தான் என்று 13ஆம் விதியே சொல்கிறது.

இதைவிட மோசமானது 2018 செப்டம்பர் 30. ஸ்ப்ராட்லி தீவுகளில் கேவன் பாறைத்திட்டு அருகே டெகேட்டர் என்ற அமெரிக்க நாசகாரிக்கு முன்னால் சீனக் கப்பல் 45 கஜத்தில் வந்தது. 41 மீட்டர்.

செங்கோணம்:
திசைமானி அண்ணா சொன்னது கப்பல். வானில் இன்னொரு சிக்கல் சேர்கிறது: வேகப் பொருத்தம்.

2001 ஏப்ரல் 1, ஹைனான் தீவிலிருந்து சுமார் 110 கி.மீ. தொலைவு. அமெரிக்காவின் இபி-3 உளவு விமானம் நான்கு டர்போபிராப் எஞ்சினில் சுமார் 180 நாட் வேகத்தில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. இடைமறிக்க வந்தது சீனாவின் ஜே-8. முக்கோண இறக்கை, ஒலியைவிட வேகமாகப் பறக்கக் கட்டிய விமானம். அதை 180 நாட்டுக்கு இறக்கினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு விழுகிற நிலையின் விளிம்பில்தான் மிதக்க முடியும். அந்த நிலையில் விமானத்தைத் திருப்பும் இறக்கைத் தட்டுகள் சொன்னபடி கேட்காது. இரண்டு முறை மிக அருகில் வந்துவிட்டு, மூன்றாம் முறை இபி-3இன் புரொபெல்லரில் மோதியது. ஜே-8 உடைந்தது, விமானி வாங் வெய் இறந்தார். இபி-3இன் மூக்குக்கூம்பு பிய்ந்து, விமானம் கவிழ்ந்து, சுமார் 8,000 அடி கீழே விழுந்த பிறகுதான் விமானி ஷேன் ஆஸ்போர்ன் அதை நிமிர்த்தினார். ஹைனானில் லிங்ஷுய் தளத்தில் அனுமதியில்லாமலே இறங்கினார்கள். 24 பேரும் 11 நாள் பிடித்துவைக்கப்பட்டார்கள். விமானம் ஜூலையில்தான் துண்டுதுண்டாகப் பிரிக்கப்பட்டு ரஷ்யாவின் ஆன்டனோவ் சரக்கு விமானத்தில் திரும்பியது.

யாரும் இடிக்கத் திட்டமிடவில்லை. ஆனால் மெதுவான விமானத்தை அணைத்துப் பறக்க வேகமான விமானத்தை அனுப்பினால், ஒரு சின்னத் தவறைத் திருத்திக்கொள்ளக்கூட இடமிருக்காது.

பிறகு வந்தவை வேறு வகை. 2022 மே 26 அன்று தென்சீனக் கடலின் மேல் ஆஸ்திரேலியாவின் பி-8 ரோந்து விமானத்துக்கு முன்னால் சீன ஜே-16 ‘சாஃப்’ வீசியது. சாஃப் என்பது ரேடாரை ஏமாற்றத் தூவும் அலுமினியம் பூசிய மெல்லிய இழைகள். அவற்றில் சில பி-8இன் எஞ்சினுக்குள் போயின. 2023 மார்ச் 14 அன்று கருங்கடலின் மேல் இரண்டு ரஷ்ய சுகோய்-27கள் அமெரிக்காவின் எம்க்யூ-9 ஆளில்லா விமானத்தின் மீது எரிபொருளைக் கொட்டின. ஒன்று அதன் புரொபெல்லரில் உரசியதாக அமெரிக்கா சொல்லிக் காணொளியும் வெளியிட்டது. எம்க்யூ-9க்குப் புரொபெல்லர் வாலில் இருக்கிறது. இலை வளைந்தால் அதிர்வு தாங்காது. கடைசியில் அமெரிக்கர்களே அதைக் கடலில் இறக்க வேண்டியதாயிற்று.

வடகாற்று:
எல்லாம் சரி, ஒரு பக்கக் கதையாகப் போகிறது. ஹைனான் கரைக்கு 110 கி.மீ. தொலைவில் அமெரிக்க உளவு விமானத்துக்கு என்ன வேலை? கலிஃபோர்னியாவுக்கு அருகில் சீன உளவு விமானம் நாள்தோறும் சுற்றினால் சும்மா விடுவார்களா? கடல் சட்ட உடன்படிக்கையை அமெரிக்க செனட் இன்றுவரை ஏற்கவில்லை. அதே உடன்படிக்கையைக் காட்டித்தான் அடுத்தவன் பொருளாதார மண்டலத்துக்குள், அதாவது கரையிலிருந்து 200 கடல் மைல் வரையிலான கடலுக்குள், போகிறார்கள். 200 கடல் மைலுக்குள் அந்நிய ராணுவ நடவடிக்கைக்கு முன் அனுமதி வேண்டும் என்பது சீனாவின் வாதம் மட்டுமல்ல, இந்தியாவின் நிலைப்பாடும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 2021 ஏப்ரல் 7 அன்று லட்சத்தீவுக்கு மேற்கே 130 கடல் மைலில் ஜான் பால் ஜோன்ஸ் என்ற அமெரிக்க நாசகாரி நம் அனுமதி கேட்காமல் போனது. போனதோடு நிற்காமல் அதை அறிக்கையாகவும் வெளியிட்டார்கள். டெல்லி ஆட்சேபம் தெரிவித்தது. யார் தூண்டுகிறார்கள் என்பதை எங்கிருந்து பார்க்கிறோம் என்பதும் சேர்த்துதான் தீர்மானிக்கிறது.

திசைமானி:
வடகாற்று, ஆட்சேபம் நியாயமானது. லட்சத்தீவு விஷயத்தில் இந்தியா என்ன செய்தது என்பதையும் பாருங்கள். தூதரக வழியில் எழுதிக் கொடுத்தது, கப்பலின் மூக்கில் குறுக்கே போகவில்லை. ‘இங்கே வர உனக்கு உரிமை இல்லை’ என்பது சட்டச் சண்டை, அதை 50 ஆண்டு நடத்தலாம். 41 மீட்டரில் வருவது வேறு. நான் பிரித்துப் பார்க்கச் சொல்வது அதைத்தான்.

சோவியத்தும் அமெரிக்காவும் அப்படித்தான் பிரித்தார்கள். 1967 மே மாதம் ஜப்பான் கடலில் வாக்கர் என்ற அமெரிக்க நாசகாரியை அடுத்தடுத்த இரண்டு நாட்களில் சோவியத் கப்பல்கள் இடித்தன. 1968 மே மாதம் நார்வே கடலில் அமெரிக்காவின் எஸ்ஸெக்ஸ் விமானந்தாங்கியைச் சுற்றிப் பறந்த டியு-16 என்ற சோவியத் விமானம் கடலில் விழுந்து அதிலிருந்தவர்கள் இறந்தார்கள். அதன்பிறகு பேச்சு தொடங்கி, 1972 மே 25 அன்று மாஸ்கோவில் கடல் சம்பவங்கள் ஒப்பந்தம் கையெழுத்தானது. அமெரிக்கத் தரப்பில் ஜான் வார்னர், சோவியத் தரப்பில் அட்மிரல் கோர்ஷ்கோவ்.

அந்த ஒப்பந்தத்தில் பெரிய வார்த்தைகளே இல்லை. எதிர்க்கப்பல் மீது பீரங்கி, ஏவுகணை, டார்பிடோ குழாயைக் குறிவைத்துத் தாக்குவது போல நடிக்காதே. இரவில் அதன் இயக்கு மேடை மீது தேடுவிளக்கு அடிக்காதே. விமானந்தாங்கி விமானங்களை ஏற்றி இறக்கும்போது அதன் போக்கைக் கெடுக்காதே, ஏனென்றால் அது காற்றை எதிர்த்து நேராக ஓடியாக வேண்டும். ஆபத்தான பயிற்சி என்றால் மூன்று முதல் ஐந்து நாள் முன்னதாக அறிவி. ஏதாவது நடந்தால் கடற்படை அதிகாரிகள் மூலமாகவே தகவல் கொடு, ஆண்டுக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசு.

இத்தனை மீட்டருக்குள் வரக்கூடாது என்று ஓர் எண்ணை எழுத சோவியத் தரப்பு வற்புறுத்தியது. அமெரிக்கா மறுத்தது, கடைசியில் எண் இல்லாமலே முடிந்தது. அது நல்ல முடிவு என்பது என் எண்ணம். எண் இருந்தால் தினமும் அந்த எண்ணின் விளிம்புவரை வந்து நிற்பார்கள், பிறகு அளவு சரியா தப்பா என்ற சண்டை ஓயாது.

அது இருந்தும் 1988 பிப்ரவரி 12 அன்று கருங்கடலில் சோவியத் கப்பல்கள் யார்க்டவுன், கேரன் என்ற இரண்டு அமெரிக்கப் போர்க்கப்பல்களையும் வேண்டுமென்றே உரசின. கிரிமியா கரையோரம் சோவியத்தின் 12 மைலுக்குள் ‘தீங்கற்ற கடப்பு’ உரிமை, அதாவது தீங்கு செய்யாமல் கடந்துபோகும் உரிமை, உண்டா என்பதுதான் தகராறு. யாரும் சுடவில்லை. மறு ஆண்டு செப்டம்பரில் ஜாக்சன் ஹோலில் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் தீங்கற்ற கடப்பு பற்றிப் பொது விளக்கம் ஒன்றில் கையெழுத்திட்டார்கள். சட்டச் சண்டை அங்கே முடிந்தது.

பரிதி:
சீனா-அமெரிக்கா இடையே இதற்குச் சமமாக எதுவுமே இல்லையா?

திசைமானி:
இருக்கிறது, பல் இல்லாமல். 1998 ஜனவரியில் கடல்சார் ராணுவ ஆலோசனை ஒப்பந்தம். அது பேசுவதற்கான ஏற்பாடு, நடத்தை விதி அல்ல. 2014 ஏப்ரலில் சிங்டாவில் 21 நாடுகள் ஏற்றுக்கொண்ட, கடலில் போர்க்கப்பல்கள் எதிர்பாராமல் சந்தித்தால் எப்படி நடக்க வேண்டும் என்ற நெறி. அதே ஆண்டு நவம்பரில் இருதரப்புப் புரிந்துணர்வு, 2015 செப்டம்பரில் வான் சந்திப்புக்கான இணைப்பு. எதுவும் கட்டாயமில்லை. 2014 நெறி கடற்படைக்கு மட்டும். கடலோரக் காவல்படைக்கும் மீன்பிடிப் படகு உருவில் வரும் கடல் மிலிஷியாவுக்கும் பொருந்தாது. இன்று உரசல் அதிகம் நடப்பதோ அவர்களோடுதான். கதவு வைக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ கதவு வைத்தது போல ஆகிவிட்டது.

2024 ஜூன் 17 அன்று தென்சீனக் கடலின் இரண்டாம் தாமஸ் திட்டில், 1999இல் பிலிப்பைன்ஸ் வேண்டுமென்றே தரைதட்ட வைத்த சியரா மாட்ரே கப்பலுக்குச் சோறு தண்ணீர் கொண்டுபோன ரப்பர் படகுகளைச் சீனக் காவல்படையினர் கோடரி, கத்தியோடு மறித்தார்கள். ஒரு பிலிப்பைன்ஸ் கடற்படை வீரருக்குக் கட்டைவிரல் போனது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான், வேண்டுமென்றே செய்த செயலால் ஒரு பிலிப்பைன்ஸ் குடிமகன் இறந்தால் அது போர்ச்செயலுக்கு மிக நெருங்கியது என்று அதிபர் மார்கோஸ் சிங்கப்பூரில் பேசியிருந்தார். பிலிப்பைன்ஸோடு செய்த 1951ஆம் ஆண்டு பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தப்படி அமெரிக்கா உள்ளே வர வேண்டிய கட்டம் அது. கட்டைவிரலுக்கும் உயிருக்கும் இடையே இருந்தது கோடரி விழுந்த இடம் மட்டும்தான்.

2025 ஆகஸ்ட் 11 அன்று அதே கடலில் ஸ்கார்பரோ திட்டு அருகே நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பிலிப்பைன்ஸ் காவல்படைப் படகைத் துரத்தியதில் சீனக் காவல்படைக் கப்பலும் சீனக் கடற்படை நாசகாரியும் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டன. காவல்படைக் கப்பலின் முன்பகுதி நொறுங்கிப்போனது. இரண்டு படைகளுக்கு இரண்டு கட்டளைச் சங்கிலி, ஒரே இலக்கு, அதிவேகம் என்றால் இதுதான் நடக்கும். பிலிப்பைன்ஸ் படகு ஒரு சில நொடி தாமதித்திருந்தால் நசுங்கியிருப்பது அதுதான்.

செங்கோணம்:
ரேடார் பூட்டுதல் பற்றியும் ஒரு வார்த்தை. தேடு ரேடார் சுழன்றுகொண்டே இருக்கும், அதன் அலை சில நொடிக்கு ஒருமுறை நம்மைத் தொட்டுவிட்டுப் போகும். சுடுவதற்குக் குறிவைக்கும் ரேடார் நம்மை விடாமல் பிடித்துக்கொள்ளும், எச்சரிக்கைக் கருவி இடைவிடாமல் அலறும். அதற்கு அடுத்த படி ஏவுகணைதான். 2013 ஜனவரி 30 அன்று கிழக்குச் சீனக் கடலில் ஜப்பானின் யூடாச்சி நாசகாரி மீது ஒரு சீனப் போர்க்கப்பல் இப்படிப் பூட்டியதாக ஜப்பான் அறிவித்தது, சீனா மறுத்தது. சுழலாமல் மின்னணு முறையிலேயே அலையைத் திருப்பும் புதிய ரேடார்களில் ஒரே ஆன்டெனா தேடவும் செய்யும், குறியும் வைக்கும். எது எது என்று பிரிப்பது கடினமாகிக்கொண்டே வருகிறது.

கட்டளை தெளிவாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2022 செப்டம்பர் 29. கருங்கடலின் மேல் சர்வதேச வான்வெளியில் பிரிட்டனின் ரிவெட் ஜாயின்ட் உளவு விமானத்துக்கு அருகே ரஷ்ய சுகோய்-27 ஓர் ஏவுகணையை விடுவித்தது. தொழில்நுட்பக் கோளாறு என்று ரஷ்யா சொன்னதை பிரிட்டன் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. ஓராண்டு கழித்து பிபிசி வெளியிட்ட செய்தி வேறு: தரைக் கட்டுப்பாட்டிலிருந்து வந்த தெளிவில்லாத கட்டளையைச் சுட அனுமதி என்று ஒரு விமானி புரிந்துகொண்டார், ஏவுகணை இலக்கைத் தவறவிட்டது. அந்த வகை விமானத்தில் 30 பேர்வரை போவார்கள். நேட்டோவின் ஓர் உறுப்பு நாட்டு விமானம் அது.

நெய்தல்:
இப்படி ஒன்று நடந்துவிட்டால் அடுத்த ஒரு மணி நேரத்தில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இதற்கு நல்ல உதாரணம் 1967 ஜூன் 8. ஆறு நாள் போரின்போது லிபர்ட்டி என்ற அமெரிக்க உளவுக் கப்பல் தாக்கப்பட்டது. தாக்கியது இஸ்ரேல். ஆறாவது கடற்படைப் பிரிவின் விமானந்தாங்கிகளிலிருந்து விமானங்கள் கிளம்பின. எகிப்தைத் தாக்கப் போகிறார்கள் என்று மாஸ்கோ நினைக்க வாய்ப்பிருந்தது. அமெரிக்க அதிபர் ஜான்சன் ஹாட்லைனில் சோவியத் பிரதமர் கோசிகினுக்குச் செய்தி அனுப்பினார்: கப்பலுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கத்தான் இந்த விமானங்கள் போகின்றன. அந்த ஹாட்லைன் சிவப்புத் தொலைபேசி அல்ல, 1963இல் போட்ட டெலிடைப் இணைப்பு. பேச்சில் தொனி தவறலாம், மொழிபெயர்ப்பாளர் அவசரப்படலாம் என்பதற்காகவே எழுத்து. வேலை செய்கிறதா என்று சோதிக்க மணிக்கு மணி சோதனைச் செய்தி ஓடும்.

சீனாவோடு நிலைமை வேறு. 2001இல் இபி-3 மோதலின்போது பெய்ஜிங்கில் அமெரிக்கத் தூதராக இருந்த ப்ரூயர் முன்னாள் அட்மிரல், பசிபிக் கட்டளையின் தலைவராக இருந்தவர், சீன ராணுவத்தில் பலரை நேரில் அறிந்தவர். அவருக்கே பல மணி நேரம் யாரும் பேசக் கிடைக்கவில்லை. 2008இல் இரு பாதுகாப்புத் துறைகளுக்கும் இடையே நேரடித் தொலைபேசி வந்தது. 2022 ஆகஸ்டில் பெலோசி தைவான் போனதும் தளபதிகள் மட்டப் பேச்சையும் கடல்சார் கூட்டத்தையும் பெய்ஜிங் ரத்து செய்தது. 2023 பிப்ரவரி 4 அன்று சீன பலூனை அமெரிக்கா சுட்டு வீழ்த்திய உடனே, அப்போதைய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ஆஸ்டின் பேச முயன்றார், பெய்ஜிங் மறுத்தது. அந்த ஆண்டு ஜூனில் சிங்கப்பூர் மாநாட்டில் அப்போதைய சீனப் பாதுகாப்பு அமைச்சர் லீ ஷாங்ஃபு அவரோடு பேச்சு நடத்தவில்லை. லீ மீது 2018 முதல் அமெரிக்கத் தடை இருந்ததை பெய்ஜிங் காரணமாகக் காட்டியது. பேச்சு நின்ற அந்தக் காலத்தையும் உள்ளடக்கிய இரண்டு ஆண்டில், 2021 இலையுதிர்காலம் முதல் 2023 இலையுதிர்காலம் வரை, 180க்கு மேற்பட்ட ஆபத்தான வான் இடைமறிப்புகளைப் பென்டகன் பதிவு செய்தது. அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில் இருந்ததைவிட அதிகம் என்பது அவர்கள் கணக்கு.

வடகாற்று:
180 என்பது பென்டகனின் எண், அவர்கள் எதை ‘ஆபத்தான’ என்கிறார்கள் என்பது அவர்கள் கையில் இருக்கிறது. ஆனால் பேச்சு விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். எதிராளி மறுத்துப் பொய் சொன்னாலும் அந்தக் கோடு உபயோகப்படும். சிரியாவில் 2018 பிப்ரவரி 7 இரவு கஷாம் அருகே ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படையினர் அமெரிக்க வீரர்கள் இருந்த நிலையை நோக்கி வந்தபோது, மோதல் தவிர்ப்புத் தொலைபேசியில் ரஷ்யத் தரப்பு ‘எங்கள் ஆட்கள் இல்லை’ என்றது. பிறகு நடந்த குண்டுவீச்சில் ரஷ்யர்கள் பலர் இறந்தார்கள். இரண்டு அணு வல்லரசுகள் அன்று மோதிக்கொள்ளாததற்கு அந்தத் தொலைபேசியை இரு பக்கமும் கீழே வைக்காததும் ஒரு காரணம்.

பரிதி:
கடைசியாக ஒன்று. பெரிய பயிற்சி என்று அறிவிப்பு வருகிறது. இது வெறும் மிரட்டலா, உண்மையான ஆயத்தமா என்று நம்மைப் போன்ற வெளியாள் எதைப் பார்த்துக் கணிப்பது?

திசைமானி:
டாங்கி, விமானப் படங்களைப் பார்க்காதீர்கள். அவை காட்டுவதற்காகவே நிறுத்தப்படுபவை. மிரட்டலுக்குத் தேவைப்படாத, சண்டைக்கு மட்டுமே தேவைப்படுகிற பொருள் நகர்கிறதா என்று பாருங்கள். 2022 ஜனவரி இறுதியில் உக்ரைன் எல்லைக்கு ரஷ்யா ரத்தக் கையிருப்பைக் கொண்டுவந்ததாகச் செய்தி வந்தது. சேமித்த ரத்தத்தைச் சில வாரத்துக்கு மேல் வைக்க முடியாது, பயிற்சிக்கு யாரும் அதைக் கொண்டுவருவதில்லை. கள மருத்துவமனை, எரிபொருள் குழாய்ப் படைகள், பாலம் கட்டும் படை இவையும் அப்படித்தான். தைவான் என்றால் வாகனம் ஏற்றும் வணிகக் கப்பல்கள் வழக்கமான வழித்தடத்தை விட்டு ஃபுஜியன் பக்கம் திரளுகின்றனவா என்பது முக்கியம். கடற்படையின் தரையிறங்கு கப்பல்கள் மட்டும் அவ்வளவு படையைச் சுமக்காது.

அடுத்தது அறிவிப்புக்கும் தொடக்கத்துக்கும் இடையிலான அவகாசம். 2022இல் பெலோசி இறங்கிய ஆகஸ்ட் 2 இரவே ஆறு மண்டலங்களின் ஆயத்தொலைவுகளை வெளியிட்டு, 4ஆம் தேதி நண்பகலில் பயிற்சி தொடங்கியது. கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் ஒன்றரை நாள் கிடைத்தது. 2024 மே 23 அன்று ‘கூட்டு வாள் 2024ஏ’ அன்று காலையில் அறிவிக்கப்பட்டு அன்றே தொடங்கியது.

நெய்தல்:
இழையின் தலைப்பில் கேட்டதற்குப் பதில் இதில் இருக்கிறது. ஒன்றரை நாள் அறிவிப்பு அன்றைய காலை அறிவிப்பாகிவிட்டது. விமானங்கள் 150 வந்தனவா 50 வந்தனவா என்பதை விட்டுவிட்டு, அடுத்த முறை அறிவிப்புக்கும் தொடக்கத்துக்கும் இடையே எத்தனை மணி நேரம் என்பதைக் குறித்துவையுங்கள். அந்த நேரங்களை இந்த இழையிலேயே தேதிவாரியாகப் போட்டுக்கொண்டு வரலாம். 2022க்கு முந்தைய பயிற்சிகளின் கடல் எச்சரிக்கை அறிவிப்புகள் யாரிடமாவது இருந்தால் இங்கே பதியுங்கள்.